என் பெயரில் விழுந்த புள்ளடி

பலெர்மோ, இத்தாலி
16.11.1997

அன்பு மகன் கீர்த்திகனுக்கு,

நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடியில்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். எனக்கு முழங்கால்தான் பகை. போன ஞாயிறு எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலே எழுதிவிடுகிறேன், உன் தமக்கை போனில் ஆளை மாற்றிச் சொல்லுவாள். நான், உன் தமக்கை துஷாந்தி, அவள் மகள் கேசிகா, பெண் கேட்டு வந்த கோபாலசிங்கம், அவர் மனைவி நாகபூசணி, அவர்களின் மகன் விதுரன். இவ்வளவுதான்.

நிறைகுடத்துக்குச் செம்பு இல்லையென்று துஷாந்தி வேலைக்குப் போகும் வீட்டு இத்தாலிக்கார அம்மா, அந்த சிஞ்ஞோராவிடம் ஒரு செப்புக்குடம் இரவல் வாங்கி, பல்லரோ சந்தையில் தேங்காய் எடுத்து, மாவிலைக்குப் பதில் எலுமிச்சை இலை செருகிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ஊரில் திரும்பவும் அரசியலமைப்பை மாற்றப்போகிறார்களாம், சனத்திடமும் கேட்பார்களாம் என்று கதை போனது. உடனே கோபாலசிங்கம் மேசையைக் காட்டி, பாருங்கோ அக்கா, அண்டைக்குச் சண்டை பிடிச்ச விளக்கும் குடமும் இண்டைக்கு ஒரே மேசையிலை எண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உனக்கு அப்போது அரசியல் விளங்காத வயது. எண்பத்திரண்டாம் ஆண்டு மார்கழியில் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். தேர்தல் வைக்காமல் பழைய பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கிறதுக்கு அரசியலமைப்பை மாற்றலாமோ என்று கேள்வி. ஓம் என்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். என் பெயரையே தட்டுத்தடுமாறி எழுதுகிற எனக்கு உன் அப்பா அடுப்புக்கரியால் குறுக்கும் மறுக்குமாய் இரண்டு கோடு கீறிப் புள்ளடி போடப் பழக்கினார், குசினி நிலமெல்லாம் புள்ளடி. நாட்டுச் சட்டத்தை மாற்றட்டோ என்று என்னிடம் கேட்டது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். நான் குடத்துக்குப் போட இருந்தேன். அந்த வருடம்தான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கோபாலசிங்கம், வான் பிடித்து ஏற்றிப்போகிறேன் அக்கா என்று என் வாக்காளர் அட்டையை வாங்கிக்கொண்டு போனார், அரசாங்கக்காரரைப் பிடித்து ஒரு வேலை எடுக்க அலைந்த மனுசன். வான் வரவில்லை. நடந்துபோனால், உங்கடை வாக்கு விழுந்திட்டுது அம்மா, போங்கோ என்றார்கள். விரலில் மையில்லாமல் திரும்பிவந்தேன். பின்னேரம் சுளகு கேட்டு வந்த நாகபூசணியின் சின்னவிரலில் மை இருந்தது. அவளுக்கு அந்த ஊரில் வாக்கே இல்லை, பெயர் பதியவில்லை. வாய் திறந்தால் அரசாங்கக்காரர் எங்கடை கடையைக் கொளுத்துவாங்கள் என்று உன் அப்பா என்னை அடக்கிவிட்டார்.

என் வாக்கைப் போட்டது நாகபூசணிதான் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னேன். கோபாலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவளோ பலகாரத் தட்டை நகர்த்திக்கொண்டு, இன்னும் மறக்கேல்லையோ அக்கா, ஒரு புள்ளடிதானே என்றாள். என்னுடைய ஒன்றால் அந்தச் சட்டம் நின்றிராது, அது எனக்கும் தெரியும். ஆனால் கேட்டது என்னிடம். அந்த ஐப்பசியில் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கை இது, கரியால் புள்ளடி பழகினதும் இதே கைதான்.

அவர்கள் போனபிறகு துஷாந்தி அழுதாள், கலியாணத்தைக் குழப்பிப்போட்டீங்கள் என்று. நான் கேசிகாவைக் கூப்பிட்டு, பிள்ளை, உனக்கு விருப்பமோ என்று கேட்டேன். ஓம் அம்மம்மா என்றாள். விதுரனும் நல்ல பொடியன்தான், போகும்போது அவன் ஒருவன்தான் என் முகத்தைப் பார்த்துப் போனான். தாய்மாமனான உன் சொல்லுக்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். என்னை நினைத்து இல்லையென்று சொல்லிவிடாதே. நீயும் ஓம் என்றே சொல்லு. கேசிகாவுடைய புள்ளடியை நான் போடமாட்டேன்.

பனியில் காதை மூடிக்கொண்டு போ, பிள்ளைகளோடு வீட்டில் தமிழில் கதை. கலியாணத்துக்கு வரும்போது ஊர்க்குடம் ஒன்று மறக்காமல் கொண்டுவா, அதை நானே வைப்பேன். முருகன் உங்களைக் கைவிடமாட்டான்.

உன் அம்மா,
சந்திரமதி

கோபாலசிங்கத்தோடு ஒரு பந்தியில் இருந்து சாப்பிடுவேன், அவர் தலையையாவது குனிந்தார். செத்தாலும் மன்னிக்காத ஆள் ஒன்றுதான், நாகபூசணி.