திருத்தத்துக்கு அழைத்தபோது நீங்கள் இருக்கையில் இல்லை

சட்டசபையிலும் வீட்டிலும் எதிர்க்கட்சியாகவே இருந்துவிட்டுப் போன என் அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வீட்டில் யாரும் டி.வி.யில் செய்தி பார்ப்பதில்லை. மூலக்குளத்தில் நம் தெருமுனையில் தோண்டிய பள்ளம் அப்படியேதான் கிடக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அதற்கும் சபையில் ஒரு கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுத்துவிட்டு, பதில் வராத கோபத்தை எங்கள் மேல் காட்டியிருப்பீர்கள். என் மருந்துக் கடை ஓடுகிறது. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குவதில்லை. இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் மனசு வேறெங்கோ இழுக்கிறது.

கூட்டத்தொடரின் முதல் நாள் உங்களுக்கு இரங்கல் தீர்மானம் வைத்தார்கள். அம்மாவையும் என்னையும் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்தார்கள். அமைச்சர் எழுந்து, "நம் தெருக்களில் வெடிகுண்டு வீசினவர்களை அடக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்று முதலில் கேட்டவர் அண்ணன். இன்றைய பாதுகாப்புச் சட்டம் அவர் பெயரைச் சொல்லும்" என்றார். உங்கள் கட்சிக்காரர்களும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாடத்தில் இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது என்று தெரிந்து அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள், சபை கலைந்தது. படியிறங்கும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "யாரையோ சொல்றாங்க. நம்ம மனுஷன இல்ல."

அமைச்சர் பொய் சொல்லவில்லை, அப்பா. அதுதான் எனக்கு எரிச்சல். டீக்கடை வாசலில் நாட்டு வெடிகுண்டு வீசி உங்கள் நண்பரைக் கொன்றார்கள். அடுத்த வாரமே சபையில் நீங்கள் கோபத்தோடு கேட்டீர்கள், பிடித்தால் வெளியே விடாத சட்டம் வேண்டும் என்று. அது பதிவில் இருக்கிறது, எப்போதும் இருக்கும். பதிவில் இல்லாதது அதன் மறுபாதி.

கோபம் ஆறிய பிறகு நீங்களே ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினீர்கள். பிள்ளையைத் தேடி வாசலில் நிற்கிற அம்மாக்களைப் பார்த்தீர்கள். சட்டமுன்வடிவு வந்தபோது ஒரே ஒரு திருத்தத்துக்கு அறிவிப்பு கொடுத்தீர்கள்: யாரைப் பிடித்தாலும், எங்கே வைத்திருக்கிறோம் என்று அன்றைக்கே வீட்டுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாத அதிகாரி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் அதைப் பேசிப் பார்த்தீர்கள். நான்தான் சபாநாயகர். நீங்கள் நீட்டி முழக்கும்போதெல்லாம் டம்ளரில் கரண்டியால் மணி அடித்தேன். "போலீசுக்குப் பலம் வேணும். அந்தப் பலத்துக்கு ஒரு மூக்கணாங்கயிறும் வேணும்" என்று முடித்தீர்கள். அந்த வரிக்கு மட்டும் நான் மணி அடிக்கவில்லை.

சபையில் என்ன நடந்தது? அன்று காலை ரேஷன் அரிசி விஷயத்தில் உங்கள் கட்சித் தலைவர் கூச்சல் போட்டு வெளிநடப்பு என்றார். எல்லோரும் எழுந்தீர்கள். வெளிநடப்பு என்றால் என்னவென்று எம்.எல்.ஏ. வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? கோஷம் போட்டபடி வெளியே வருவது, பத்திரிகைக்காரர்களிடம் பேசுவது, டீ குடிப்பது, அப்புறம் உள்ளே போய் உட்காருவது. எத்தனையோ வருஷப் பழக்கம், தலைவர் எழுந்தால் கால் தானாக எழுந்துவிடும்.

நீங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மதியத்துக்கு மேல் வரவேண்டிய சட்டமுன்வடிவை உடனே எடுத்துவிட்டார்கள். திருத்தத்துக்கு உங்கள் பெயரை அழைத்தார்கள். அழைக்கும்போது உறுப்பினர் இருக்கையில் இல்லை என்றால் அந்தத் திருத்தம் இல்லை. அதுதான் விதி. 'இல்லை' என்று சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் வெளியே நின்றதால் குரல் வாக்கெடுப்பில் ஒரு 'இல்லை' கூட விழவில்லை. சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

"பரவால்ல, அடுத்த தொடர்ல தனிநபர் மசோதாவா கொண்ணாந்துடறேன்" என்றீர்கள் அன்று ராத்திரி. அருளுக்கு அடுத்த தொடர் வரை நேரம் இருக்கவில்லை.

இதைப் பேப்பருக்கும் கொடுக்கிறேன் என்பதால், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அருள் எங்கள் தெருவுக்குப் பின்தெரு பிலோமின் அக்காவின் ஒரே மகன். அக்காவின் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அது இன்றும் ஊர்வாயில் சொல்தா வீடுதான், அதாவது சிப்பாய் வீடு. வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற பையன், சின்ன வயதிலிருந்து வீசிங். யாரோ ஒரு ரவுடியின் பைக்கை ரிப்பேர் செய்தான் என்று அந்தப் புதுச் சட்டத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் வரியும் இல்லை.

மறுநாள் பிலோமின் அக்கா என் கடைக்கு வந்து இழுப்புக்கு அடிக்கிற பம்ப் ஒன்று வாங்கினார். "அவன் பம்ப்ப வூட்லயே வுட்டுட்டுப் போய்ட்டான் தங்கச்சி. காலியாற மாதிரி இருக்கு, புதுசாவே குடு. எங்க வெச்சிருக்கான்னு சொன்னா குடுத்துட்டு வந்துடுவேன்" என்றார். ஒரு ஸ்டேஷனில் இங்கே இல்லை என்றார்கள், இன்னொன்றில் நாளைக்கு வா என்றார்கள். அந்த பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தார். கடைசியில் கோரிமேட்டில் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் கூப்பிட்டுக் காட்டினார்கள். மூச்சு முட்டிச் செத்திருக்கிறான்.

கல்லறையிலிருந்து திரும்பிய பிறகு நீங்கள் அந்த வீட்டுக்குப் போனீர்கள். நானும் கூட வந்தேன். வேறு யாராவது என்றால் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். நீங்கள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னீர்கள், திருத்தம் இருந்ததை, பெயர் அழைத்ததை, அப்போது எழுந்து போய் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்ததை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "டீ குடிக்கவா போனீங்க?" என்றார். நீங்கள் ஆமாம் என்றீர்கள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் நீங்கள் வீட்டில் டீயே குடிக்கவில்லை. அம்மா போட்டு வைப்பாள், ஆறிப்போய் ஏடு கட்டும். மசோதாவை எழுதி முடித்தீர்கள். தொடர் தொடங்கும் முன் நெஞ்சு வலி வந்துவிட்டது. உங்களைக் கொன்றது என்ன என்று டாக்டர் ஒன்று சொன்னார். அம்மாவுக்கும் எனக்கும் வேறு தெரியும்.

இப்போது இடைத்தேர்தல் வருகிறது. உங்கள் தலைவர் வீட்டுக்கு வந்தார். "அனுதாபம் நல்லா இருக்கும்மா. நீ நின்னா போதும், ஜெயிச்சுடலாம்" என்றார்.

"நிக்கறேன் மாமா. போன உடனே அப்பாவோட திருத்தத்தக் கொண்டு வருவேன்."

"அத இப்ப கிளறாத. அன்னிக்கி நாம எல்லாம் வெளியே இருந்தோம்னு வெளிய வந்தா யாருக்கு அசிங்கம்? உங்கப்பாவுக்கும்தான்."

"சரி. நீங்க வெளிநடப்புன்னு சொன்னா, அந்தத் திருத்தம் வர்ற அன்னிக்கி மட்டும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். "கட்சின்னா எல்லாரும்தாம்மா எழுந்திரிக்கணும்." அம்மா வைத்த டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். மறுநாளே வேறு ஆள் பார்ப்பதாகத் தகவல் வந்தது.

நான் சுயேச்சையாக நிற்கிறேன், அப்பா. உங்களோடு சுற்றியவர்களில் பாதிப் பேர் இப்போது என்னைப் பார்த்தால் ரோட்டைத் தாண்டிப் போகிறார்கள். டெபாசிட் மிஞ்சினால் ஆச்சரியம். ஓட்டுக் கேட்டு முதலில் போனது சொல்தா வீட்டுக்கு. அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஓட்டுப் போடறேன்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி. உங்கப்பா மேல கோவம் இன்னும் போவல" என்றார். நான் திரும்பியபோது கதவு வரைக்கும் வந்தார். "ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்த வரிய உள்ள ஏத்திடு. எம்புள்ளய இன்னொருத்தி தேட வேணாம்."

எம்புள்ளய என்றுதான் சொன்னார், அப்பா. இனிமேல் யாரைத் தூக்கினாலும் அவருக்கு அது அருள்தான்.

எனக்கும் உங்கள் மேல் கோபம் இருக்கிறது. உங்கள் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு அது குறைந்ததில்லை. உங்களை மன்னிக்கிற உரிமை எனக்கு இல்லை, அது அந்த வீட்டில் இருக்கிறது. ஜெயித்தால் உங்கள் திருத்தத்தை என் பெயரில் கொண்டுவருவேன். தோற்றால் மனுவாகக் கொடுப்பேன், திருப்பி அனுப்பினால் மறுபடி கொடுப்பேன். அந்த வரி சட்டத்தில் ஏறிய அன்று முதலில் பிலோமின் அக்காவிடம் சொல்லிவிட்டு, பிறகுதான் உங்கள் கல்லறைக்கு வருவேன்.

உங்களோடு கடைசிவரை வாதாடிய மகள்,
ஜெசிந்தா