ஸ்டெல்லாவின் சால்வை

நவம்பர், ஞாயிறு இரவு

கழுத்தில் ஆபரேஷன் செய்ததிலிருந்து என் சிநேகிதி ஸ்டெல்லா மாதா கோவிலுக்கு வருவதில்லை. தழும்பை எல்லாரும் பார்ப்பார்கள் என்ற கூச்சம். அவளுக்கென்றே ஒரு டிசைன் போட்டு, வெள்ளைக் கம்பளி நூலில் லேஸ் சால்வை பின்னினேன். இன்று நமுனுகுலவில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போர்த்திப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குக்கா" என்றாள். ஆனால் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை ஒரு விரலால் அதைக் கழுத்திலிருந்து விலக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

"குத்துதா?"

"இல்லக்கா. பழகிரும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த விரல்தான் கண்முன் நின்றது. பண்டாரவளையில் இறங்கியதும் மெல்லிய பருத்தி நூல் வாங்கினேன்.

வீட்டில் இவர், "அதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டாளே, மறுபடியும் எதுக்கு?" என்றார்.

"பூசை முழுக்க அத போட்டுக்கிட்டு அவ உக்காரணும்ங்க."

பருத்தி நூல் கம்பளி மாதிரி இழுபடாது. பழைய டிசைன் இதற்கு ஒத்துவராது. பூக்களையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளி, கழுத்துப் பக்கத்தை வழுவழுப்பாகப் பின்ன வேண்டும். மாதிரிக்குப் பின்னிய முதல் துண்டு கோணலாகிவிட்டது, பிரித்தேன். அடுத்த துண்டை என் கழுத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். குத்தவில்லை.

நாளைக்கே சால்வையை ஆரம்பிக்கிறேன். அடுத்த மாதம் யேசு பிறந்த நாளில், நத்தார் பூசைக்கு ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.