கறித்தூள் பாக்கெட்டில் உங்கள் முகம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ கொத்தமல்லியைக் கருக்கக் கருக்க வறுத்தார்கள். இங்கே எல்லோரும் பாதியிலேயே இறக்கிவிடுவார்கள். அவ்வளவு தூரம் வறுத்தது நீங்கள் ஒருவர்தான். கையில் பிரஷ்ஷோடு ஜன்னலருகே அப்படியே நின்றுவிட்டேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, ஆடலூரில் குடியேறிய புதிதில் என்னைத் தேடி வந்தீர்கள். நான் அப்போது செண்பகனூர் சாலையோரத்தில் கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். "எழுத்து வாசிக்க ஏலாதவங்களும் பாத்து வாங்குற மாதிரி ஒரு படம் வேணும் தம்பி" என்றீர்கள். ஆவி பறக்கும் மண்சட்டி ஒன்று வரைந்து, அடியில் ஆடலூர் என்று எழுதினேன். மஞ்சள் தாளில் அச்சடித்து உங்கள் கறித்தூளை அதில் கட்டினீர்கள். எழுபதுகள் முடிவதற்குள் மலையில் எந்தக் கடையிலும் "சட்டித்தூள்" என்றால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

பிறகு ஒரு நாள் பழனியிலிருந்து ஓர் ஆள் வந்தான். அச்சுக்கட்டை தேய்ந்துவிட்டது, அக்காதான் அனுப்பினார்கள், அதே படத்தை மறுபடி வரைந்து தர வேண்டும் என்றான். அடியில் உங்கள் ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாமாம். எனக்கு உறுத்தியது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் ஒரே மத்தியானத்தில் வரைந்து கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து செண்பகனூரில் ஒரு கல்யாணம். சமையல்காரர் கறிக்குழம்பை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, இது தூளா? மரத்தூளை அள்ளிப் போட்டுருக்கான்!" என்று கத்தினார். அண்டாவோடு கொண்டுபோய்க் கொட்டினார்கள். பெண்ணின் அப்பா எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றார். உங்கள் பெயரைத்தான் ஏசினார்கள்.

மறுநாள் மாலை இரண்டு பாக்கெட்டுகளோடு என் கடைக்கு வந்து, பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். "ரெண்டும் உங்க கைதானே தம்பி?" என்று கேட்டீர்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்ப் பெயரை விடச் சொன்னதையும், எனக்கு உறுத்தியதையும் மறைக்கவில்லை. நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். "கோவம் இல்லைன்னு சொல்ல ஏலாது" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள்.

இனி இந்தப் பக்கமே வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் வெள்ளனே வந்து, ஒரு கடதாசியைப் பிரித்து, கப்பலேறும் முன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவை நீட்டினீர்கள்.

"சட்டியை யாரும் வரைஞ்சிக்கலாம். இனி என் மூஞ்சியப் போடுங்க. நானே கடை கடையாப் போய் நிக்கிறேன்."

"நானா வரையணும்?"

"வேற ஆளுக்கு இந்த வலி தெரியாதே. நீங்க இனிமே கேக்காம வரைய மாட்டீங்க."

போட்டோவில் இருந்த முகம் மிரண்டு போயிருந்தது. முதலில் அப்படியே வரைந்துவிட்டேன். "இது பயந்து கப்பலேறினவ. இப்ப இருக்கிறவள வரைங்க" என்று சொல்லி, என் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

பச்சைத் தாளில் புதுப் பாக்கெட் வந்ததும் நானும் உங்களோடு கூக்கால் கிராமம் வரை வந்தேன். அங்கே கடைக்காரம்மா அதைத் தொடவே இல்லை. "இதுதாங்க டூப்ளிகேட். நல்ல தூள்ல சட்டி போட்டிருக்கும்" என்றார். நீங்கள் பாக்கெட்டைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "நல்லாப் பாருங்க" என்றீர்கள். அவர் பார்த்தார், சிரித்தார், பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டார். அங்கேயே அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்துக் காட்டினீர்கள். இப்படி ஊர் ஊராக மழைக்காலம் முழுக்க நடந்தீர்கள். கடைசியில் பழனி ஆளின் மூட்டையைக் கடைக்காரர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்தில் தலைகுனிந்த அந்த மனிதர், இளைய மகள் கல்யாணத்துக்கு உங்களிடமே வந்து தூள் வாங்கினார்.

அன்று கூக்காலில் கடைக்காரம்மா, "அந்தக் கள்ளப் படத்தை வரைஞ்சவன் யாருங்க? கைய ஒடிக்கணும்" என்றபோது நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அது கெடக்குங்க. குழம்பு கொதிக்குது, தட்டை எடுங்க" என்றீர்கள். அதன்பின் சாகும்வரை நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்கள் அடக்கத்துக்கு வந்தவர்களெல்லாம், அந்த முகத்தை வரைந்தவன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

போன வாரம் உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா உங்ககிட்டயே வரையக் குடுத்தாங்க? எப்ப?"

"தெரிஞ்ச மறுநாளே" என்றேன்.