கிணற்றுக்கு ஏற்ற மோட்டார்

என் இல்லத்தின் ஒளியானவளுக்கு, ஆண்டவன் அருளால் நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

நம் கிணற்றில் நீர் நாற்பது அடிக்குக் கீழே போய்விட்டதால், பழைய மோட்டாரை உள்படியில் வைக்கலாம் என்கிறானாம் உன் தம்பி. வேண்டாம். அது நீரை இழுக்காதபோதெல்லாம் அதற்குள் நீரூற்றிக் கிளப்ப நீதான் உள்ளே இறங்க வேண்டியிருக்கும். மேலே நின்றே கயிற்றில் இறக்கிவிடும் நீர்மூழ்கி மோட்டாரையே வாங்கு.

சென்ற வாரம் இங்கே வேலைக்காக ஒரு வீட்டுக் கிணற்றின் உள்படியிலிருந்த மோட்டாரைக் கழற்றச் சென்றோம். நான் குனிந்து பார்த்தபோது, "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று அடியிலிருந்து உன் குரல் எழுந்தது. என்னையறியாமல் படியில் கால் வைத்துவிட்டேன். உடன் வந்த ஃபிட்டர் சட்டையைப் பற்றி இழுத்தார்.

"பெரியவரே, எங்க போறீங்க?"

"என் வீட்டுக்காரி கூப்பிடறாப்பா."

"உங்க வீட்டம்மா போன்ல கூப்பிடுவாங்க, கிணத்துலேர்ந்தா கூப்பிடுவாங்க? எனக்கு எங்கம்மா குரல் கேக்குது. அவங்க போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு!"

இருவரும் சிரித்தோம், ஆனால் இறங்கவில்லை. நீ கலங்காதே. இங்கு குளிர் மிகுதி. நீ தைத்த போர்வையை யாரிடமேனும் கொடுத்தனுப்பு.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து நான் அழைத்தால் இறங்கிவிடாதே. நான் இங்கேதான் இருக்கிறேன்.

உன்னவன்