பின் சீட் இல்லாத வண்டி

என்னங்க,

காலையில் கோ ஸா வந்திருந்தான். அந்தச் சிவப்பு வண்டியை நம் தலையில் கட்டின அதே புரோக்கர். தொப்பை போட்டிருக்கிறது, வாய் நிறைய வெற்றிலை மட்டும் மாறவில்லை. விற்றவனே திரும்ப வாங்க வருகிறான் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று கேட்டைத் திறக்கும்போதே நினைத்தேன். அனுப்பி வைத்தவர் உங்கள் தம்பி. "சும்மா நின்னு துருப்பிடிக்குது அண்ணி, வந்த விலைக்குத் தள்ளிடலாம்" என்று, நீங்கள் கண் மூடின பிறகு இந்த மழைக்காலம் பூராவும் நச்சரித்தார். அவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்று இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாமல் போகாது.

கோ ஸா உறையை விலக்கிக் கதவைத் திறந்தான். காய்ந்த மல்லிகை வாசம் வந்தது, அதற்கு அடியில் லேசாகச் சேற்று வாடை. கண்ணாடியைத் துடைப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகிறவளிடம் விலையைக் குறைப்பது சுலபம்.

உங்களுக்கு நினைவிருக்கும். "ஒரு வண்டி பாத்துட்டு வரலாம், வா" என்று தின்கன்ஜூன் வீட்டிலிருந்து டாக்ஸி பிடித்து என்னைக் கூட்டிப் போனீர்கள். லைங் தாயா தையல் ஃபாக்டரிகளுக்கு நூலும் பட்டனும் போடுகிற மனுஷர், பழைய வேனை மாற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் தரையோடு ஒட்டிக்கொண்டு சிவப்பாக ஒன்று நிற்கிறது. ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டே சீட்டு. பின் சீட் என்ற ஒன்றே கிடையாது.

"இதுல நூல் பெட்டியை எங்க வைப்பீங்க?"

"நூலுக்குத்தான் வேன் இருக்கே."

"அப்ப இது எதுக்கு?"

பேரன் எடுக்கிற வயதில் ஒரு சிரிப்பு மட்டும்.

கோ ஸா அன்றைக்குக் கதை அளந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூட டீச்சர் அம்மா ஒருத்தர் பகோடாக் கோயிலுக்குப் போகவர மட்டும் ஓட்டினாராம். டீச்சருக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றேன். வெற்றிலையைத் துப்பப் போய்விட்டான். முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம் கத்தை கத்தையாகத் தொங்கியது. வண்டியைக் காக்கிற நாத் தேவதைக்கு ஒரு சரம் போடுவது இந்த ஊர் வழக்கம், எந்த டாக்ஸியில் இல்லை? ஆனால் கல்யாண வீடு மாதிரி இத்தனை பூவா? எடுக்கச் சொன்னேன். "நாத் கோவிச்சுக்கும் அன்டி" என்று இழுத்தான். அந்த இழுவையே போதுமாக இருந்தது. நானே பூவைக் கழற்றி வெளியே வைத்தேன். உங்களையும் உள்ளே உட்கார வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெயிலில் காத்திருந்தேன். கிளம்பி வந்தது வாடை. கால் விரிப்பைத் தூக்கினால் ஓரமெல்லாம் வண்டல். வெள்ளத்தில் முழுகின வண்டி.

மாட்டினான் திருடன் என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை.

"தெரியும்மா. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பாத்துட்டேன். தண்ணி சீட்டுக்குக் கீழதான், இன்ஜினுக்குப் போகல. முழுகினதாலதான் நம்ம கைக்கு எட்டுது. இல்லன்னா இதையெல்லாம் தள்ளி நின்னு பாத்துட்டுப் போக வேண்டியதுதான்."

தெரிந்தே ஏமாறுகிற ஆளை என்ன செய்வது? ஆனால் சந்தேகம் அடங்கவில்லை, உங்கள் பக்கம் திரும்பிக்கொண்டது. இத்தனை ஆசைப்பட்டு வாங்கின வண்டியில் ஒரு சீட்டு உங்களுக்கு. இன்னொன்று யாருக்கு?

வாங்கின பிறகும் என்னை ஏறச் சொல்லவில்லை. "கொஞ்சம் சரி பண்ணணும்" என்று சாயங்காலம் தனியாக எடுத்துப் போவீர்கள். திரும்பி வந்து நீங்கள் குளிக்கிற நேரத்தில் நான் வண்டியைத் துழாவுவேன். கொண்டை ஊசி கிடக்கிறதா, சீட்டில் இந்த ஊர்ப் பெண்கள் சந்தனம் மாதிரி கன்னத்தில் பூசுகிற தனாக்காவாவது ஈஷியிருக்கிறதா என்று. ஒன்றும் கிடைக்காது. ஆனால் வாரம் தவறாமல் புது மல்லிகை தொங்கும். பூ யாருக்கு என்றால் "வண்டிக்கு" என்பீர்கள். நாத் மேல் திடீர் பக்தி வருகிற ஆளா நீங்கள்? எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒருநாள், "த்வாண்டே வரைக்கும் போயிட்டு வரலாம், ஏறு" என்றீர்கள். பாலம் தாண்டினதும் நேரடியாகவே கேட்டுவிட்டேன், இந்த சீட்டில் இதுவரை உட்கார்ந்தது யார் என்று.

"யாரும் இல்ல. வாடை போகட்டும்னு காத்திருந்தேன். சேத்து வாடை அடிச்சா நீ ஏற மாட்டியே, அதுக்குத்தான் பூ."

"நம்பச் சொல்றீங்க?"

"நம்ம வேன்ல முன் சீட்டு யாருக்கு?"

யோசித்தேன். பெரியவர்களுக்கு. அத்தை இருந்தவரைக்கும் அத்தைக்கு, பிறகு உங்கள் தம்பிக்கு, விருந்தாளி வந்தால் விருந்தாளிக்கு. நம் வீட்டில் வண்டி கிளம்பினால் தெருவில் பாதி ஏறிக்கொள்ளும். நான் எப்போதும் கடைசியில், சாப்பாட்டுத் தூக்கோடு.

"கண்ணாடியில உன்னைத் தேடுவேன். யார் தலையாவது மறைக்கும். பின் சீட்டே இல்லன்னா யாரும் கேக்க மாட்டாங்கல்ல?"

அப்போதும் நான் நம்பவில்லை. நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டீர்கள் என்றுதான் சொன்னேன்.

கொஞ்ச தூரத்தில் பானை ஏற்றின லாரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது. இங்கே ரோட்டில் வலப்பக்கம் போகிறோம், ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முந்த வேண்டுமென்றால் எதிரில் வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, இடப்பக்கம் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். "பாத்துச் சொல்லு" என்றீர்கள். நான் சுலபத்தில் சொல்கிறவளா? இப்ப போகவா என்றீர்கள், வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டீர்கள், அந்த வளைவு சரியில்லை என்றேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான். உங்களுக்குக் கோபமே வரவில்லை.

"எதுலயும் சந்தேகப்படுற ஆள்தான் அந்த சீட்டுக்கு வேணும். நீ போங்கன்னா போவேன்."

ரோடு காலியானதும் "போங்க" என்றேன். நீங்கள் தலையை நீட்டிக்கூடப் பார்க்காமல் வண்டியை இடப்பக்கம் எடுத்தீர்கள். அந்த ஒரு நிமிஷத்தில்தான் நீங்கள் சொன்னதையெல்லாம் நம்பினேன்.

இன்று காலை கோ ஸா ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். தனியாக விடுவேனா, நானும் என் சீட்டில் ஏறிக்கொண்டேன். பெரிய ரோட்டில் முன்னால் ஒரு பஸ் நின்றது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, படக்கென்று இடப்பக்கம் திருப்பிவிட்டான். எதிரில் வந்த டாக்ஸிக்காரன் பிரேக்கில் ஏறி நின்றான். "பழக்கம் அன்டி" என்று இவன் சிரிக்கிறான்.

"வீட்டுக்குத் திருப்பு" என்றேன்.

உங்கள் தம்பி வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன அண்ணி, விலை படியலையா?" என்றார். விலையே பேசவில்லை, விற்கவும் இல்லை என்றேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியாது. எங்களை ஏத்திட்டுப் போகவும் இடம் கிடையாது. இதை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வண்டிக்கு உறையைப் போட்டேன்.

டாக்ஸியில் ஏறினால் இப்போதும் முன்னால்தான் உட்காருகிறேன். பின் சீட் காலியாகக் கிடக்க, இந்த அம்மா ஏன் இங்கே ஏறுகிறது என்று டிரைவர்கள் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். முந்துகிற நேரத்தில் அவர்கள் என்னைக் கேட்பதில்லை. நான் எட்டிப் பார்க்கிறேன். எதிரே ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகு, அவர்கள் காதில் விழாமல், உங்களிடம் மட்டும் "போங்க" என்கிறேன்.