புல்லுக்கடியில் வெள்ளைக் குதிரை

லா சப்பல், பாரிஸ்
12.05.2012

அன்பின் கலாவதிக்கு,

நான் சுகம். நீரும் மகளும் பேரனும் சுகமாயிருப்பீர்கள். தொலைபேசியில் கதைத்தால் சண்டையில் முடிகிறது, எழுதுங்கள் என்றீர். எழுதுகிறேன்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று இங்கிலாந்து போன நீர் இன்னும் திரும்பவில்லை. பேரன் இப்போது ஓடித் திரிகிறானாம். நீரோ வெள்ளைக்காரரோடு மலையேறி, அங்கே தரையில் வரைந்திருக்கிற ஏதோ வெள்ளைக் குதிரைக்குப் புல் பிடுங்குகிறீராம், மகள் மிருணாளினி சொன்னாள். முழங்கால் நோ என்று லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படியேற மறுத்தவர் நீர்தானே? குதிரை வெள்ளையாக இருக்கவேண்டுமென்றால், தேருக்கு முன் கோயில் மதிலுக்கு அடிப்பதுபோலச் சுண்ணாம்பு கரைத்து அடிக்கச் சொல்லும். ஒரே நாளில் முடிகிற வேலை.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "அக்கா எப்ப வாறா?" என்று கேட்கிறார்கள். அடுத்த கிழமை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. எப்போது வருகிறீர்?

உமது
உதயன்

*

வில்ட்ஷயர், இங்கிலாந்து
27.05.2012

அன்புள்ள மிருணாளினியின் அப்பாவுக்கு,

உங்கள் சுண்ணாம்புக் கதையைக் கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இது பூசிய குதிரை இல்லை. இந்த மலையே உள்ளே வெள்ளைச் சுண்ணக்கல். இருநூறு வருடத்துக்கு முன் யாரோ குதிரை வடிவில் புல்தரையை வெட்டியெடுக்க, உள்ளிருந்த வெள்ளை தெரிந்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஓரத்தால் புல் ஏறி மூடிவிடும். அதனால் வருடாவருடம் ஊர்ச்சனம் கூடிப் புல்லைப் பிடுங்கி, புதுக் கல்லைக் கொட்டிச் சுத்தியலால் இடித்து இறுக்குகிறோம்.

உலகப் போரில் எதிரி விமானங்களுக்கு அடையாளம் தெரியாதிருக்க இதை இலைகுழையாலும் புல்லாலும் மூடினார்களாம். போர் முடிந்த பிறகும் அப்படியே விட்டதில் புல் வேர்பிடித்துப்போய், திறக்கப் பெரும்பாடு பட்டார்களாம். கூட வேலை செய்கிற மார்கிரெட் இதைச் சொன்னபோது, "எங்கட வீட்டிலையும் ஒண்டு மூடிக் கிடக்குது" என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். என்னவென்று கேட்டார்கள். என் தம்பி சிவமணியைப் பற்றிச் சொன்னேன்.

பாரிஸ் வந்த புதிதில் பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒற்றை அறையில் மூன்று பேரும் இருந்தோமே. அவன் மேசைக்குக் கீழே படுப்பான். அவன் நண்டுக்கறி மணத்துக்குப் பக்கத்து அறை ழான்-லூக் தட்டோடு வந்து நிற்பார். அதைவிடச் சந்தோஷமான காலம் எனக்கு வாய்க்கவில்லை. சமாதான காலமென்று ஊருக்குப் போனவன் 2009 வைகாசியில் கடைசிச் சண்டையில் முடிந்துபோனான். நீங்கள் அவன் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தீர்கள். நான் அழக்கூடாதென்றுதான், அது விளங்குகிறது. ஆனால் அன்றிலிருந்து யார் அவன் பேரை எடுத்தாலும் நீங்கள் கதையை மாற்றினீர்கள். அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது.

இங்கே நான் சொல்லச் சொல்ல, எல்லோரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

வருவதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. பிரஷர் குளிசையை மறக்காமல் போடுங்கள்.

கலாவதி

*

லா சப்பல், பாரிஸ்
23.06.2012

அன்பின் கலா,

உமது கடிதம் கிடைத்ததும் கோபம்தான் வந்தது. உமக்காகத்தானே செய்தேன் என்று சில நாள் கறுவிக்கொண்டு திரிந்தேன். பிறகு படத்தை எடுத்துத் துடைத்து, கடையில் காசுப்பெட்டிக்கு மேலே கொழுவினேன். கேட்டவர்களுக்கெல்லாம், "என்ரை மச்சான், எங்களோட இருந்தவன்" என்று சொன்னேன்.

நேற்று திரான்சியிலிருந்து சாமான் வாங்க வந்த மரியரட்ணம் படத்தைக் கண்டதும் கூடையை வைத்துவிட்டு அப்படியே நின்றார். அவருக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியது சிவமணிதானாம். பிடித்திருக்கிறேன், மிதி என்று கத்தியபடியே கையை விட்டுவிடுவானாம். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவன் அழுதுவிட்டேன், கலா. கடை நிறையச் சனம். நிறுத்த முடியவில்லை.

நீர் தாங்கமாட்டீர் என்று அந்தப் படத்தை எடுத்து வைத்ததாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தாங்கமுடியாமல் இருந்தது எனக்குத்தான்.

அடுத்த முறை புல் பிடுங்குவது எப்போதென்று எழுதும். கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். உம்மைக் கூட்டிப்போகக் கேட்கமாட்டேன். அந்த ஆட்களுக்குச் சிவமணியைப் பற்றி நானும் சொல்லவேண்டும். எனக்கு ஆங்கிலம் வராது. நான் தமிழில் சொல்கிறேன், நீர் பக்கத்தில் நின்று அவர்களுக்குச் சொல்லும்.

உமது
உதயன்