பின்மதிலில் திறந்த வழி

மச்சான்,

இன்று கடையைத் திறக்கும்போது மேல்மாடியிலிருந்து மீன் பொரிக்கும் வாசம் வந்தது. இந்தக் கட்டடத்தில் புதுத் துணியும் செருப்புப் பசையும் தவிர வேறெதுவும் மணக்காத காலம் உண்டு. நீ இருந்திருந்தால் என் கடைக் கதிரையில் சாய்ந்துகொண்டு, "பாத்தியா, நான் சொன்னன்தானே" என்று என்னை வறுத்தெடுத்திருப்பாய்.

கல்முனைக்கு வெளியே வயலை நிரப்பி இந்தக் கடைத்தொகுதியைக் கட்டியபோது எல்லோருக்கும் வாகனத் தரிப்பிடத்தின் மீதுதான் கண். பின்னால் வீடுகள் நெருங்கிய ஒழுங்கைத் தெரு இருந்தும், சுற்றிவர மதில், முன்னால் ஒரே ஒரு இரும்புக் கேற். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு நாய்கூட வராது. "ஆக்கள் படுத்தெழும்பாத இடம் எப்பிடி டவுனாகும்? மேல வீடு வேணும். பின்னால ஒழுங்கைக்கு ஒரு வாசல் வேணும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கதைத்தாய். "கள்ளனுக்கு வாசல் வைக்கச் சொல்றாய்" என்று சிரித்தார் கடைக்காரர் சங்கத் தலைவர்.

மகளின் கலியாணத்துக்கு, நம் ஊர் வழக்கப்படி, இருந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்தாய். எல்லோரையும் போல அதே வளவின் மூலையில் ஒரு சின்னக் குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். நீயோ மனைவியைக் கூட்டிக்கொண்டு உன் கடைக்கு மேலே குடிவந்தாய். "கிணறில்ல, முற்றமில்ல, புறாக்கூட்டுக்குள்ள கொண்டு வந்து வெச்சிருக்கார், காக்கா" என்று உன் மனைவி, கூடப்பிறந்த அண்ணனிடம் சொல்வதுபோல, என்னிடம் முறையிட்டார். "நாம இருந்து காட்டினாத்தான் மத்தாக்கள் வருவாங்க" என்றாய். உன் பிடிவாதத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

உன்னை இழந்த அந்த வெள்ளிக்கிழமை உன் மனைவி மகள் வீட்டில். காய்ச்சல் என்று நீ பள்ளிவாசலுக்கு வரவில்லை. வழமைபோல ஜும்ஆத் தொழுகைக்கு எல்லாக் கடைகளும் மூடின. காவல்காரரும் கேற்றைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார். மேலே ஒருவன் குடியிருக்கிறான் என்பது எவருக்கும் பழகியிருக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்ஜன்னலில் நின்று நீ கூப்பிட்டது ஒழுங்கையில் ஒரு பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது. மதிலைச் சுற்றிப் பிரதான வீதிக்கு ஓடி வந்தால் கேற்றில் பூட்டு. ஆண்கள் எல்லோரும் தொழுகையில், போன்கள் அணைந்து கிடந்தன. நாங்கள் வந்து திறந்தபோது நீ மூச்சடங்கி மௌத்தாகியிருந்தாய்.

"இந்த மதில் இல்லாட்டி நான் ஓடி வந்திருப்பனே" என்று அந்தப் பெண் அழுதார். அதைக் கேட்ட ஒழுங்கைப் பொடியன்மார் அலவாங்குகளோடு வந்து, பின்னேர அசர் தொழுகைக்கு முன்பே மதிலை இடித்தார்கள். அந்த உடைப்பால்தான் உன் ஜனாஸாவைத் தோளில் சுமந்து, அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டு போனோம். அத்தனை சனத்தை இந்தக் கட்டடம் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு யாரும் மதிலைத் திரும்பக் கட்டவில்லை. ஒழுங்கைப் பெண்கள் அதனூடாகச் சாமான் வாங்க வந்தார்கள். ரியூஷன் வகுப்பு வந்தது, பின்னேரத்தில் அப்பக்கடை வந்தது. மேலே குடும்பங்கள் வந்து, பல்கனிகளில் பிள்ளைகளின் உடுப்புகள் காய்கின்றன. தலைவர் வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்து, "இதெல்லாம் எங்கட பிளான்தான்" என்று காட்டுகிறார். கேட்டுவிட்டு என் கடைக்குள் திரும்புகிறேன்.

என் வீட்டுக்கும் அந்த வழிதான் கிட்ட. நான் முன்கேற்றால் சுற்றிப் போகிறேன். "ஏன் வாப்பா சுத்திப் போறீங்க?" என்று மகள் கேட்டாள். "நடந்தா உடம்புக்கு நல்லம்" என்று சொல்லி வைத்தேன். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வழியால் போனேன். வெறும் தோளோடு அதால் போக எனக்கு இன்னும் முடியவில்லை, மச்சான்.